ஆன்டெனா டிவியில் சிக்னல் சரியில்லையா? பூஸ்டர் வாங்கும் முன் வரிசையாகச் செய்ய வேண்டியவை

படம் கட்டம் கட்டமாக உடைகிறது, சத்தம் விட்டுவிட்டு வருகிறது, நேற்று வந்த சேனல் இன்று காணவில்லை என்றதும் பலர் முதலில் தேடுவது சிக்னலைப் பெருக்கும் பூஸ்டரைத்தான். செலவு செய்ய வேண்டிய வரிசையில் அது கடைசியில் வர வேண்டிய பொருள். பெரும்பாலான வீடுகளில் குறை ஆன்டெனா நிற்கும் இடத்திலோ, அது பார்க்கும் திசையிலோ, கேபிள் முனையிலோ இருக்கும். அவற்றைச் சரிசெய்ய மிகக் குறைந்த செலவுதான் ஆகும்.

அதனால் இந்த வழிகாட்டி காசு தேவைப்படாத வேலைகளில் தொடங்கி, காசு கேட்கும் வேலைகளை நோக்கிப் போகிறது. வரிசையை மாற்றாதீர்கள். முந்தைய படியை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவினால், எது பலன் தந்தது என்றே தெரியாமல் போய்விடும். தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பை மனதில் வைத்து எழுதியது இது. டிஷ் ஆன்டெனாவுக்குப் பொருந்தாது.

1. கையில் இருக்க வேண்டியவை

கருவிகள் அதிகம் வேண்டாம். கூர்மையான கட்டர், எஃப் கனெக்டரை (ஆன்டெனா கேபிளின் முனையில் போடும் திருகு இணைப்பான்) முடுக்க 11 மி.மீ. ஸ்பானர், சாதாரண மல்டிமீட்டர், தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப், இரண்டு முனையிலும் கனெக்டர் போட்ட 2 மீட்டர் ஆர்ஜி-6 (டிவி ஆன்டெனாவுக்கான வழக்கமான வகை) கேபிள் ஒன்று. கடைசியாகச் சொன்ன கேபிள்தான் மிக முக்கியம். வீட்டுக்குள் ஓடும் பழைய கேபிளைச் சந்தேகிக்க வேண்டுமா என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி அதுதான்.

கருவிகளைவிட முக்கியம் தகவல். ஒளிபரப்புக் கோபுரம் எந்தத் திசையில், எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது? எந்தெந்த அலைவரிசைகளில் ஒளிபரப்புகிறது? அலையின் அதிர்வு கிடைமட்டமா, செங்குத்தா? இந்த மூன்றும் தெரியாமல் ஆன்டெனாவைத் தொட்டால் இருட்டில் தடவுவதுதான். சேனல் எண்ணை அலைவரிசை என்று நினைத்துவிடாதீர்கள். டிஜிட்டலில் ஒரே அலைவரிசையில் பல சேனல்கள் சேர்ந்து வரும். டிவியின் மேனுவல் ட்யூனிங் பக்கத்தில் மெகாஹெர்ட்ஸ் கணக்கில் இருப்பதே உண்மையான அலைவரிசை.

அக்கம்பக்கத்துக் கூரைகளையும் பாருங்கள். பல ஆன்டெனாக்கள் ஒரே பக்கம் திரும்பியிருந்தால் திசை கிடைத்துவிட்டது. அவற்றின் குச்சிகள் தரைக்கு இணையாகப் படுத்திருந்தால் அலை கிடைமட்டம், நிமிர்ந்திருந்தால் செங்குத்து.

கூரையில் ஏறும் முன் மின்கம்பி எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். ஆன்டெனா கம்பம் எந்தப் பக்கம் சாய்ந்து விழுந்தாலும் மின்கம்பியைத் தொடக் கூடாது. கம்பத்தின் உயரத்தைப்போல் ஒன்றரை மடங்காவது தள்ளியிருக்க வேண்டும். அந்த இடைவெளி இல்லாத இடத்தில் கம்பம் நடவே வேண்டாம். மழை, காற்று, இடி உள்ள நாளில் வேலையைத் தொடங்க வேண்டாம். ஏணியைப் பிடிக்கக் கீழே ஒருவர் நிற்கட்டும்.

2. முதலில் அளவை எழுதுங்கள்

டிவியின் ட்யூனிங் அல்லது சிஸ்டம் தகவல் பக்கத்தில் இரண்டு பட்டைகள் இருக்கும். ஒன்று சிக்னல் வலிமை, மற்றது சிக்னல் தரம். வலிமை என்பது வந்து சேரும் மொத்த ஆற்றல். இரைச்சலும் குறுக்கீடும் அதில் சேர்ந்தே இருக்கும். தரம் என்பது அதிலிருந்து டிவி பிழையில்லாமல் படித்தெடுக்கும் அளவு. படத்தைத் தீர்மானிப்பது தரம்தான். புதியவர்கள் வலிமைப் பட்டையை மட்டும் பார்த்துத் திருப்பித் திருப்பி ஏமாறுவது இங்கேதான்.

ஒவ்வொரு அலைவரிசைக்கும் இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒரே அலைவரிசையில் உள்ள ஐந்து சேனல்களைத் தனித்தனியாகச் சோதிப்பது வீண் வேலை. எண் மிகக் குறைவாக உள்ள அலைவரிசையை உங்கள் சோதனை அலைவரிசையாக வைத்துக்கொள்ளுங்கள். இனி எல்லா மாற்றத்தையும் அதில்தான் பார்க்கப்போகிறீர்கள்.

எண்களை இப்படிப் படிக்கலாம். இரண்டும் குறைவு என்றால் சிக்னலே போதவில்லை: இடம், திசை, கேபிள், ஆன்டெனா என்ற வரிசையில் தேட வேண்டும். வலிமை அதிகம், தரம் குறைவு என்றால் எதிரொலித்த அலை, குறுக்கீடு, அல்லது பூஸ்டர் திணறுவது. இந்த நிலையில் இன்னொரு பூஸ்டர் போட்டால் நிலைமை மோசமாகும். இரண்டும் நன்றாக இருந்து அவ்வப்போது மட்டும் படம் உடைந்தால், வீட்டு மின்சாதனங்களையும் தளர்ந்த கனெக்டரையும் பாருங்கள்.

ஒன்றைக் கவனத்தில் வையுங்கள். இந்தச் சதவீதங்கள் டிவிக்கு டிவி மாறும். ஒரு டிவியில் 60 என்பது இன்னொன்றில் 80 ஆக இருக்கலாம். ஒரே டிவியில் முன்பும் பின்பும் ஒப்பிடத்தான் அவை உதவும்.

டிஜிட்டல் சிக்னல் பழைய அனலாக்போல் மெல்ல மெல்லப் புள்ளிவிழுந்து மங்காது. ஓர் எல்லை வரை படம் சுத்தமாக இருக்கும், அதற்குக் கீழே போனதும் சட்டென்று போய்விடும். எனவே இப்போது படம் வருகிறது என்பது மட்டும் போதாது. மழைநாளிலும் நிற்கும்படி எல்லைக்கு மேலே கொஞ்சம் இடைவெளி வேண்டும்.

3. காசில்லாமல் முடியும் சோதனைகள்

டிவி அமைப்பில் சிக்னல் மூலம் ஆன்டெனா என்று இருக்கிறதா, கேபிள் என்று இருக்கிறதா எனப் பாருங்கள். கேபிள் என்றிருந்தால் டிவி வேறு அலைவரிசைகளில் தேடும், ஒன்றும் கிடைக்காது.

உங்கள் பகுதி ஒளிபரப்பு முறை டிவியின் ட்யூனருக்குப் புரிய வேண்டும். டிவிபி-டி என்ற பழைய டிஜிட்டல் முறை மட்டும் தெரிந்த டிவிக்கு, அதன் அடுத்த தலைமுறையான டிவிபி-டி2 ஒளிபரப்பு வராது. சிக்னல் எவ்வளவு வலுவாக இருந்தாலும் பயனில்லை. சில அலைவரிசைகள் மட்டும் முற்றிலும் வராமல், மற்றவை முழுத் தரத்தில் வந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். தனி செட்டாப் பாக்ஸ் ஒன்றுதான் அதற்குத் தீர்வு.

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஆட்டோ ஸ்கேன் ஓட்டாதீர்கள். அந்த நேரத்தில் சிக்னல் தாழ்ந்திருந்தால் ஏற்கெனவே இருந்த சேனல்களையும் டிவி அழித்துவிடும். மேனுவல் ட்யூனிங்கில் சோதனை அலைவரிசையைக் கொடுத்துப் பட்டையைப் பாருங்கள். எல்லா வேலையும் முடிந்த பிறகு ஒரே ஒரு ஆட்டோ ஸ்கேன் போதும்.

ஆன்டெனாவுக்கு 5 வோல்ட் கொடுக்கும் அமைப்பு பல டிவிகளிலும் பாக்ஸ்களிலும் உண்டு. ஆன்டெனாவுக்குள்ளேயே சிறிய பூஸ்டர் இருந்து, அது டிவியிலிருந்து மின்சாரம் எடுப்பதாக இருந்தால் இது ஆனில் இருக்க வேண்டும். சாதாரண ஆன்டெனா என்றால் ஆஃபில் இருக்க வேண்டும். பல ஆன்டெனாக்களின் உள்ளே கேபிளின் நடுக்கம்பியும் அதைச் சுற்றிய வெளிவலையும் நேர்மின்சாரத்துக்கு ஒன்றோடொன்று இணைந்தே இருக்கும். அதனால் 5 வோல்ட் போனதும் ஆன்டெனா ஷார்ட் என்று எச்சரிக்கை வரும்.

டிவிக்குப் பின்னால் இருக்கும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக், ஹார்ட் டிஸ்க், மலிவான எச்டிஎம்ஐ கேபிள் ஆகியவற்றைக் கழற்றிவிட்டு ஒருமுறை அளவு பாருங்கள். ஆன்டெனா கேபிளை ஒட்டி அவை கிடந்தால் இரைச்சலைக் கக்கும். அரையடி தள்ளி வைத்தாலே தரம் ஏறும் வீடுகள் உண்டு.

4. ஆன்டெனாவுக்கு இடம் பார்த்தல்

வீட்டுக்குள் வைக்கும் ஆன்டெனாவாக இருந்தால் கோபுரம் இருக்கும் பக்கத்து ஜன்னலுக்குக் கொண்டுபோங்கள். இரும்புக் கம்பி ஜன்னல், கொசுவலையின் உலோகக் கம்பி, வெப்பம் தடுக்கும் பூச்சு கொண்ட கண்ணாடி, தகரக் கூரை எல்லாமே அலையைத் தடுப்பவை. கான்கிரீட் சுவருக்குள் கம்பி இருப்பதால் அதுவும் தாராளமாகக் குறைக்கும்.

இடத்தைச் சிறிது சிறிதாக நகர்த்துங்கள். 600 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 50 செ.மீ. நேராக வரும் அலையும் சுவரில் பட்டுத் திரும்பும் அலையும் ஓரிடத்தில் கூடும், கால் அல்லது அரை அலைநீளம் தள்ளி ஒன்றையொன்று அழிக்கும். ஆகவே 12 அல்லது 25 செ.மீ. நகர்த்தினாலே கதை மாறிவிடும். மூலைக்கு மூலை தூக்கிப்போவதைவிட, ஒரே ஜன்னலோரத்தில் 10 செ.மீ. படிகளாக நகர்த்திப் பார்ப்பது நல்ல பலன் தரும். மேலும் கீழும்கூட நகர்த்துங்கள். உங்கள் உடம்பும் அலையைத் தடுக்கும் என்பதால், வைத்துவிட்டு விலகி நின்று அளவு பாருங்கள்.

வெளியே, கூரைக்கு மேலே வைக்க வழியிருந்தால் அதற்கு இணை எதுவும் இல்லை. உயரம் ஏன் உதவுகிறது என்பதற்கு ஓர் எளிய கணக்கு: ரேடியோ அலை எட்டும் தொடுவானத் தூரம் கிலோமீட்டரில் 4.12 × (கோபுர உயரத்தின் வர்க்கமூலம் + உங்கள் ஆன்டெனா உயரத்தின் வர்க்கமூலம்). உயரங்கள் மீட்டரில். கோபுரம் 150 மீட்டர், ஆன்டெனா 10 மீட்டர் என்றால் கிட்டத்தட்ட 63 கி.மீ. இது சமதளத்துக்கான கணக்கு. நடுவில் குன்றோ உயர்ந்த கட்டடமோ இருந்தால் சுருங்கும்.

ஆனால் உயரம் கூடினால் சிக்னலும் கூடும் என்று கண்ணைமூடி நம்பாதீர்கள். தரையிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும் அலைகளால், அரை மீட்டர் இறக்கியதும் தரம் ஏறுவதும் நடக்கும். கம்பத்தை நிரந்தரமாக முடுக்கும் முன் இரண்டு மூன்று உயரங்களில் வைத்துப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டி, இரும்புப் படிக்கட்டு, மற்ற ஆன்டெனாக்கள் ஆகியவற்றிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். கோபுரத்தின் பக்கம் மரம் இருந்தால், அதன் உச்சிக்கு மேலே போக முடியுமா, அல்லது கூரையின் வேறு மூலையிலிருந்து அதைத் தவிர்க்க முடியுமா என்று பாருங்கள். நனைந்த இலைகள் உலர்ந்தவற்றைவிட அதிகம் தடுக்கும். மழையில் மட்டும் சேனல் போவதற்கு இது ஒரு காரணம்.

5. திசை திருப்புதல்

ஒரு தண்டில் குச்சிகள் வரிசையாக நிற்கும் யாகி ஆன்டெனாவில் ஒரு முனையில் குச்சிகள் குட்டையாக இருக்கும். மறுமுனையில் நீளமான குச்சியோ வலைபோன்ற தட்டோ இருக்கும். குட்டைக் குச்சிகள் உள்ள முனை கோபுரத்தைப் பார்க்க வேண்டும். நீண்டது பின்னாலிருந்து அலையைத் திருப்பி அனுப்புவது. ஆன்டெனாவை முன்பின்னாக மாட்டுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. கோபுரம் பக்கத்தில் இருந்தால் அப்படியும் படம் வரும் என்பதால் பல வருடங்கள் யாரும் கவனிப்பதில்லை.

அலை கிடைமட்டமாக இருந்தால் குச்சிகளும் கிடைமட்டம், செங்குத்து என்றால் செங்குத்து. இது மாறிப்போனால் 20 டெசிபல் (சிக்னலின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் அலகு) வரை இழக்கலாம், அதாவது நூறில் ஒரு பங்குதான் மிஞ்சும். வேறெந்தச் செலவும் ஈடுகட்ட முடியாத இழப்பு இது.

திருப்பும் முறை: போல்ட்டைக் கையால் திரும்பும் அளவுக்குத் தளர்த்துங்கள். ஒரு முறைக்கு 5 பாகை மட்டும் திருப்பி, பத்து விநாடி காத்திருங்கள். டிவியின் பட்டை உடனே மாறாது. அவசரப்படுபவர்கள் சரியான இடத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள். ஒரு பக்கம் தரம் விழும் இடத்தைக் குறித்துக்கொண்டு, மறுபக்கம் விழும் இடத்தையும் குறித்து, இரண்டுக்கும் நடுவில் நிறுத்துங்கள். உச்சத்தைக் கண்ணால் தேடுவதைவிட இது துல்லியமானது. பட்டையைப் பார்த்துச் சொல்ல ஒருவர் டிவி முன் இருக்க, கைப்பேசி அழைப்பில் பேசிக்கொண்டே செய்யலாம்.

போன் திசைகாட்டியை இரும்புக் கம்பத்தின் அருகில் வைத்துப் பார்க்காதீர்கள், முள் விலகும். சில மீட்டர் தள்ளி நின்று, தொலைவில் ஒரு கட்டடத்தையோ மரத்தையோ அடையாளம் வைத்துக்கொண்டு, ஆன்டெனாவை அதை நோக்கித் திருப்புங்கள்.

இரண்டு கோபுரங்கள் இரு திசைகளில் இருந்தால், இரண்டு ஆன்டெனாக்களைச் சாதாரண ஸ்ப்ளிட்டரை (ஒரு கேபிளின் சிக்னலைப் பல டிவிகளுக்குப் பிரிப்பது) தலைகீழாகப் போட்டு இணைக்கும் பழக்கம் உண்டு. ஒரே சிக்னல் இரு ஆன்டெனாவிலும் வெவ்வேறு நேரத்தில் வந்து சேர்ந்து தரத்தைக் கெடுக்கும், போதாததற்கு மூன்றரை டெசிபல் இழப்பும் உண்டு. ஒன்று வி.எச்.எஃப் (174 முதல் 230 மெகாஹெர்ட்ஸ்), இன்னொன்று யு.எச்.எஃப் (470-க்கு மேல்) என்றால் அவற்றைச் சேர்ப்பதற்கென்றே உள்ள டிப்ளெக்சரைப் போடலாம். இரண்டும் ஒரே அலைப்பகுதி என்றால் கையால் மாற்றும் ஏ-பி சுவிட்ச் மலிவானது, நம்பகமானது.

6. கேபிளும் கனெக்டரும்

இந்தப் படியில் பொறுமையாக இருங்கள். கூரையில் நன்றாக வரும் சிக்னல் வரவேற்பறைக்கு வருவதற்குள் கரைந்துபோவது இங்கேதான்.

முதலில் கேபிள் குற்றவாளியா என்று தெரிந்துகொள்ள வேண்டும். சிறிய டிவி ஒன்றையோ செட்டாப் பாக்ஸையோ ஆன்டெனாவுக்கு அருகில் கொண்டுபோய், 2 மீட்டர் புது கேபிளால் நேரடியாக இணைத்து அளவு பாருங்கள். அங்கே தரம் நன்றாக இருந்து வீட்டுக்குள் மோசமாக இருந்தால், குறை இடையில் இருக்கிறது. அங்கேயே மோசம் என்றால் கேபிளை மாற்றிப் பயனில்லை. 4, 5 படிகளுக்குத் திரும்புங்கள், அல்லது 8-க்குப் போங்கள்.

டிவிக்கு வேண்டியது 75 ஓம் கேபிள் (அலைக்கு அது காட்டும் மின்மறுப்பின் அளவு). 600 மெகாஹெர்ட்ஸில் ஆர்ஜி-6 கேபிள் 100 மீட்டருக்கு ஏறத்தாழ 18 டெசிபல் இழக்கும். மெல்லிய ஆர்ஜி-59 அதைவிட நாலைந்து டெசிபல் அதிகம் இழக்கும். 3 டெசிபல் என்றால் ஆற்றல் பாதியாகிறது என்று பொருள். 20 மீட்டர் ஓட்டத்தில் ஆர்ஜி-6 சுமார் 3.6 டெசிபல் எடுத்துக்கொள்ளும். இந்தக் கணக்கிலிருந்து ஒரு முடிவு: 10 மீட்டர் பழைய ஆர்ஜி-59 கேபிள் நல்ல நிலையில் இருந்தால், ஆர்ஜி-6 ஆக மாற்றுவதால் அரை டெசிபல்தான் கிடைக்கும். அதற்குச் செலவு செய்ய வேண்டாம். தண்ணீர் புகுந்த கேபிள் என்றால் நீளம் எவ்வளவானாலும் மாற்றியே ஆக வேண்டும்.

தண்ணீர் புகுந்ததை எப்படி அறிவது? வெளி முனையை ஓரங்குலம் வெட்டிப் பாருங்கள். செம்பு வலை பளபளவென்று இல்லாமல் கறுத்தோ பச்சைக் களிம்பு பிடித்தோ இருந்தால், அலுமினியத் தாள் வெண்தூளாக உதிர்ந்தால், அது முடிந்துபோன கேபிள். மல்டிமீட்டராலும் பார்க்கலாம். இரு முனைகளையும் கழற்றிவிட்டு, நடுக்கம்பிக்கும் வெளிவலைக்கும் இடையே அளந்தால் மின்தடை முடிவிலியாக இருக்க வேண்டும். பிறகு மறுமுனையில் இரண்டையும் ஒரு கம்பியால் சேர்த்துவிட்டு அளந்தால் சில ஓம் மட்டும் காட்ட வேண்டும். முதலாவது தவறினால் ஷார்ட் அல்லது ஈரம், இரண்டாவது தவறினால் எங்கோ அறுந்திருக்கிறது.

இனி கனெக்டர். எஃப் கனெக்டர் போடும்போது வெளி உறையை 12 மி.மீ. நீளத்துக்கு நீக்குங்கள். வலையைப் பின்னால் மடித்துவிட்டு, முனையிலிருந்து 6 மி.மீ. வரை உள்ளே இருக்கும் வெள்ளை இன்சுலேஷனை நீக்கி நடுக்கம்பியை வெளிக்கொண்டு வாருங்கள். இன்சுலேஷனை ஒட்டியிருக்கும் அலுமினியத் தாளை மடிக்க வேண்டாம், அது அங்கேயே இருக்கட்டும். கனெக்டரை அழுத்தி ஏற்றும்போது, முன்பக்கத்திலிருந்து பார்த்தால் வெள்ளை இன்சுலேஷன் உள்தளத்தோடு சமமாக வந்து நிற்க வேண்டும். நடுக்கம்பி விளிம்பைத் தாண்டி 2 முதல் 3 மி.மீ. மட்டும் நீட்டியிருக்க வேண்டும். குட்டையாக இருந்தால் சாக்கெட்டைத் தொடாது, நீளமாக இருந்தால் சாக்கெட்டின் உள்பக்கத்தை நெளிக்கும்.

போட்டு முடித்ததும் வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பாருங்கள். வெளிவலையின் ஒரே ஓர் இழை, தலைமுடியைவிடச் சற்றுத் தடிமனானது, வெள்ளை இன்சுலேஷனின் மேல் படுத்துக்கொண்டு நடுக்கம்பியைத் தொட்டிருக்கலாம். கண்ணுக்கு எளிதில் படாது. சிக்னல் முழுதும் அங்கே ஷார்ட் ஆகிவிடும். நடுக்கம்பியைக் கட்டர் கீறியிருந்தாலும் வெட்டிவிட்டு மறுபடி போடுங்கள். கீறிய இடத்தில் அது பின்னாளில் ஒடியும். திருகி மாட்டும் வகைக் கனெக்டர் மலிவு, ஆனால் வெளியே வெயில் மழையில் ஓரிரு வருடத்தில் தளர்ந்துவிடும். கூரைக்கு, கருவியால் அழுத்திப் பொருத்தும் கம்ப்ரெஷன் வகையே போடுங்கள். அதற்கான கருவி இல்லையென்றால், கனெக்டர் போட்டே விற்கும் கேபிளை வாங்குவது மிச்சம்.

இரண்டு கேபிள்களை முறுக்கி டேப் சுற்றி இணைக்கவே கூடாது. அந்த இடத்தில் 75 ஓம் என்ற ஒழுங்கு உடைந்து அலையின் ஒரு பகுதி திரும்பிப் போகும், இரைச்சலும் உள்ளே நுழையும். இரு முனைகளிலும் கனெக்டர் போட்டு, இரு கனெக்டர்களை நேராகச் சேர்க்கும் பேரல் இணைப்பானால் சேருங்கள்.

கேபிளைக் கூர்மையாக மடிக்காதீர்கள். ஆர்ஜி-6 வளைவின் ஆரம் 7 செ.மீ.க்குக் குறையக் கூடாது. கிளிப் அடிக்கும்போது நசுங்கவும் கூடாது. வீட்டுக்குள் நுழையும் துளைக்கு முன்னால் கேபிளை ஒரு வளைவாகக் கீழே தொங்கவிட்டு மேலேற்றுங்கள், மழைநீர் அந்த வளைவில் சொட்டிவிடும். வெளிக் கனெக்டரைச் சுற்றி ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள். சாதாரண கறுப்பு டேப் வெயிலில் உரியும். ஆன்டெனாவின் இணைப்புப் பெட்டியில் அடியில் உள்ள சிறு துளையை மட்டும் அடைக்காதீர்கள், உள்ளே சேரும் ஈரம் வெளியேற அது வேண்டும்.

7. ஸ்ப்ளிட்டர்

இரண்டு வழி ஸ்ப்ளிட்டர் ஒவ்வொரு வழிக்கும் சுமார் மூன்றரை டெசிபல் எடுக்கும். நான்கு வழி என்றால் ஏழு முதல் எட்டு. டிவி ஒன்றே ஒன்று ஓடும் வீட்டில் யாரோ எப்போதோ மாட்டிய நான்கு வழி ஸ்ப்ளிட்டர் இன்னும் தொங்கிக்கொண்டிருப்பது சாதாரணம். அதைக் கழற்றி பேரல் இணைப்பானால் நேராக இணைத்தாலே நல்ல பூஸ்டர் ஒன்றுக்கு இணையான பலன், இரைச்சல் இல்லாமல் கிடைக்கும். பயன்படாத வழிகள் இருந்தே ஆக வேண்டுமென்றால், அவற்றில் 75 ஓம் மூடியைத் திருகுங்கள்.

8. வேறு ஆன்டெனா: வாங்குவதா, செய்வதா?

இதுவரை சொன்னவை முடிந்தும் தரம் போதவில்லை என்றால்தான் இந்தப் படி. டிஜிட்டல் ஆன்டெனா, எச்டி ஆன்டெனா, 4கே ஆன்டெனா என்று அட்டையில் எழுதியிருப்பதற்குப் பொருள் எதுவும் இல்லை. ஆன்டெனாவுக்கு அலைவரிசை மட்டும்தான் தெரியும். உங்கள் ஒளிபரப்பு 174 முதல் 230 மெகாஹெர்ட்ஸ் வரையிலான வி.எச்.எஃப் பகுதியிலா, 470-க்கு மேற்பட்ட யு.எச்.எஃப் பகுதியிலா என்று பாருங்கள். யு.எச்.எஃப்-க்கான ஆன்டெனாவில் வி.எச்.எஃப் சேனலை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

ஆன்டெனாவின் ஈட்டத்தை (சிக்னலை அது எவ்வளவு கூட்டுகிறது என்பதை) ஒப்பிடும்போது அலகைக் கவனியுங்கள். டிபிஐ (எல்லாத் திசையிலும் சமமாகப் பிடிக்கும் கற்பனை ஆன்டெனாவோடு ஒப்பிட்டது) என்று எழுதினால் அதே ஆன்டெனா டிபிடி (எளிய இருமுனை ஆன்டெனாவோடு ஒப்பிட்டது) என்று எழுதியதைவிட 2.15 கூடுதலாகத் தெரியும். வெளி ஆன்டெனா ஒன்றுக்கு 30, 40 டெசிபல் ஈட்டம் என்று போட்டிருந்தால், அது உள்ளே இருக்கும் பூஸ்டரின் எண். குச்சிகளால் அவ்வளவு கிடைக்காது.

யு.எச்.எஃப்-க்கு நீங்களே செய்யக்கூடிய, உண்மையிலேயே வேலை செய்யும் ஆன்டெனா பைக்வாட், அதாவது இரண்டு சதுரக் கம்பி வளையங்கள் கொண்டது. ஒரு சதுரத்தின் பக்கம் கால் அலைநீளம், அதாவது செ.மீ. கணக்கில் 7500-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் வருவது. 500 மெகாஹெர்ட்ஸுக்கு 15 செ.மீ. பல அலைவரிசைகள் இருந்தால் அவற்றின் நடுவில் உள்ளதை எடுங்கள்.

2 முதல் 3 மி.மீ. தடிமனுள்ள 120 செ.மீ. செம்புக் கம்பியில் 15 செ.மீ.க்கு ஒரு குறி இடுங்கள். ஒவ்வொரு குறியிலும் செங்கோணமாக மடித்தால் முனையில் முனை தொடும் இரண்டு சாய்சதுரங்கள் வரும். 60 செ.மீ. குறியில் மட்டும் மடிப்பு எதிர்ப்பக்கமாக இருக்க வேண்டும். கம்பியின் இரு நுனிகளும் நடுவில் சந்திக்கும் இடத்தில் அவற்றைச் சேர்த்துப் பற்றவையுங்கள். அந்த முனைக்கும் எதிரே உள்ள 60 செ.மீ. மடிப்புக்கும் இடையே ஒரு செ.மீ. இடைவெளி விடுங்கள். கேபிளின் நடுக்கம்பி ஒன்றில், வெளிவலை மற்றதில். பின்னால் ஏழரை செ.மீ. தள்ளி, 60 × 40 செ.மீ. உலோகத் தட்டோ 2 செ.மீ.க்குக் குறைந்த கண் உள்ள கம்பி வலையோ வையுங்கள். கம்பி தட்டைத் தொடக் கூடாது, பிளாஸ்டிக் தாங்கிகளில் நிற்கட்டும்.

இதில் எல்லோரும் தவறுவது நிறுத்தும் விதத்தில். இரு சதுரங்களும் இடம் வலமாக அமைந்தால் ஆன்டெனா செங்குத்து அலையைப் பிடிக்கும். மேலும் கீழுமாக நின்றால் கிடைமட்ட அலையைப் பிடிக்கும். பார்வைக்குத் தோன்றுவதற்கு நேர்மாறு.

9. பூஸ்டர், தேவையென்றால் மட்டும்

கலங்கிய நீரை மோட்டார் வைத்து இறைத்தாலும் கலங்கல்தான் வரும். ஆன்டெனா முனையிலேயே தரம் இல்லாத சிக்னலைப் பூஸ்டரால் காப்பாற்ற முடியாது. அதன் வேலை, கேபிளும் ஸ்ப்ளிட்டரும் தின்றுவிடப்போவதை முன்கூட்டியே ஈடுகட்டுவது. ஆறாம் படியில் கூரையில் நேரடியாகப் பார்த்தபோது தரம் நன்றாக இருந்து, கேபிளைச் சரிசெய்த பிறகும் கீழே குறைகிறதென்றால் பூஸ்டர் உதவும்.

எனவே அது ஆன்டெனாவிலிருந்து ஒரு மீட்டருக்குள் இருக்க வேண்டும். டிவிக்குப் பின்னால் மாட்டினால், கேபிளில் இழந்த பிறகு மிஞ்சியதோடு இரைச்சலையும் சேர்த்துப் பெரிதாக்கும். வாங்கும்போது ஈட்டத்தைவிட, பூஸ்டர் தானே சேர்க்கும் இரைச்சலைச் சொல்லும் இரைச்சல் எண்ணைப் பாருங்கள். 2 டெசிபலுக்கு அருகில் இருந்தால் நல்லது.

எவ்வளவு ஈட்டம் வேண்டும்? 25 மீட்டர் ஆர்ஜி-6-க்கு நாலரை, நான்கு வழி ஸ்ப்ளிட்டருக்கு ஏழரை, மொத்தம் 12 டெசிபல். 12 முதல் 16 வரை தரும் பூஸ்டர் போதும். 35 டெசிபல் பூஸ்டர் வலுவான அலைவரிசையில் திணறி, பலவீனமானவற்றையும் சேர்த்துக் கெடுக்கும். வலிமை 100, தரம் 20 என்று காட்டினால் இதுதான் நடந்திருக்கும். ஈட்டத்தைக் குறைக்கும் திருகு இருந்தால் குறையுங்கள்.

இணைப்பு வரிசை: ஆன்டெனா, பூஸ்டர், கேபிள், மின்சாரம் செலுத்தும் அடாப்டர், அதன் பிறகு ஸ்ப்ளிட்டர், டிவி. ஸ்ப்ளிட்டரை அடாப்டருக்கு முன்னால் போட்டால் மின்சாரம் மேலே போகாது. மின்சாரம் கிடைக்காத பூஸ்டர் சிக்னலை ஏறக்குறைய முழுதாக மறித்துவிடும். நன்றாக வந்த சேனல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் போனால் முதலில் அடாப்டரைப் பாருங்கள்.

10. குறுக்கீடு

வலிமை நன்றாக இருந்தும் யு.எச்.எஃப்-இன் மேல்முனை அலைவரிசைகள் மட்டும் கெட்டால், அருகில் உள்ள கைப்பேசிக் கோபுரத்தைச் சந்தேகியுங்கள். 700, 800 மெகாஹெர்ட்ஸ் பகுதிகள் பல நாடுகளில் இப்போது 4ஜி, 5ஜி சேவையிடம் இருக்கின்றன. கைப்பேசி அலையைத் தடுக்கும் எல்டிஇ ஃபில்டரை ஆன்டெனாவுக்கும் பூஸ்டருக்கும் நடுவில் போட வேண்டும். பூஸ்டருக்குப் பின்னால் போட்டால், அது திணறி முடித்த பிறகு தடுப்பதால் பயன் குறைவு.

குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் படம் உடைந்தால், அந்த நேரத்தில் எது ஓடுகிறது என்று பாருங்கள். மலிவான எல்இடி விளக்கு, சார்ஜர், மோட்டார் ஆகியவற்றின் இரைச்சல் வி.எச்.எஃப்-இல் அதிகம் தெரியும். டிவியின் இணைப்பை மட்டும் விட்டுவிட்டு, மின்பலகையில் மற்ற பிரேக்கர்களை ஒவ்வொன்றாக அணைத்தால் எந்த அறையில் குற்றவாளி என்று தெரிந்துவிடும்.

11. முடுக்கி, நிலவிணைப்புக் கொடுத்து, குறித்து வைத்தல்

வெளியே நிற்கும் உலோகக் கம்பத்தையும் கேபிளின் வெளிவலையையும் வீட்டின் முதன்மை நிலவிணைப்போடு (எர்த்) சேர்க்க வேண்டும். தனியாக ஒரு கம்பியை மண்ணில் அடித்து அதோடு மட்டும் இணைப்பது ஆபத்து. மின்னலின்போது இரு நிலவிணைப்புகளுக்கும் இடையே உண்டாகும் மின்னழுத்தம் உங்கள் டிவி வழியாகப் பாயும். இதைத் தகுதியுள்ள மின்பணியாளரிடம் கொடுங்கள். மொத்த வேலையில் செலவைக் குறைக்கக் கூடாத இடம் இது ஒன்றுதான். நேராக விழும் மின்னலை எந்த நிலவிணைப்பும் முழுதாகத் தாங்காது என்பதால், இடி வரும் முன்பே டிவியிலிருந்து கேபிளைக் கழற்றி வையுங்கள்.

போல்ட்டுகளை முழுதாக முடுக்கிய பின் அளவை இன்னொரு முறை பாருங்கள், முடுக்கும்போதே ஆன்டெனா சில பாகை திரும்பியிருக்கலாம். சரியாக இருந்தால் ஆட்டோ ஸ்கேன் ஓட்டிவிட்டு, எல்லா அலைவரிசைகளின் புதிய எண்களையும் பழைய தாளிலேயே எதிரில் எழுதி டிவிக்குப் பின்னால் ஒட்டுங்கள். கம்பத்திலும் கிளாம்ப்பிலும் தொடர்ச்சியாக ஒரு பெயின்ட் கோடு இழுத்துவிடுங்கள். பலத்த காற்றுக்குப் பிறகு சேனல் போனால் மேலே போய்க் கோட்டைப் பாருங்கள். கோடு விலகியிருந்தால் திருப்பிச் சேர்த்தால் போதும், விலகாமல் இருந்தால் ஆறாம் படியிலிருந்து தொடங்குங்கள்.